மிளகாய்ச் செடி பட்ட கண்: இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ஃபியூசேரியம் நிகழ்வு

பின்னணி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இந்நிகழ்வு நடந்தது. சாலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் நாட்டுப்படகில் பாக் விரிகுடாவுக்குள் மீன்பிடிக்கச் செல்பவர்கள். மேற்கே கரிசலும் களியும் கலந்த மானாவாரி நிலம். அதில் நெல்லுக்கு அடுத்த பயிர் முண்டு மிளகாய். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இந்த உருண்டை மிளகாய், புரட்டாசி கடைசியில் நேரடியாக விதைக்கப்பட்டு, வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, தை பிறந்த பிறகு பழுக்கத் தொடங்கும். பறிப்பு சித்திரையைத் தாண்டியும் நீள்வதுண்டு.

நோயாளி நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண். கணவர் கடல் தொழிலாளி. சொந்தமாக ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு; அதில் வேலையில்லாத நாட்களில் அடுத்தவர் வயலில் மிளகாய் பறிக்கப் போவார். சர்க்கரை நோய் இல்லை. கண்ணில் இதற்கு முன் அறுவை சிகிச்சையோ வேறு நோயோ இருந்ததில்லை.

அந்தப் பருவத்தில் அவருடைய வயலில் மிளகாய்ச் செடிகள் திட்டுத் திட்டாக வாடிக்கொண்டிருந்தன. கார்த்திகையில் அடுத்தடுத்துப் பெய்த மழையில் வயலின் தாழ்ந்த மூலையில் நீர் வடியாமல் நின்றது. மார்கழியில் அந்த மூலையில்தான் முதலில் இலைகள் தொங்கின. மாசிக்குள் ஏறத்தாழ கால்வாசி வயல் பட்டுப்போனது. உரக்கடையில் சொன்னபடி கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த நீரை வேர்ப்பகுதியில் ஊற்றியும் வாடல் நிற்கவில்லை.

ஒரே குடும்பத்தில், ஒரே பருவத்தில், செடிக்கும் மனிதருக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சையால் நோய் வந்ததே இதைப் பதிவு செய்யக் காரணம். இரண்டு ஆய்வறிக்கைகளிலும் ஃபியூசேரியம் என்ற பெயர் இருந்தது. வயலின் நோயே கண்ணுக்குள் வந்துவிட்டது என்று சொல்லிவிட எல்லோருக்கும் ஆசை இருந்தது; ஆய்வகத்தில் எங்களுக்கும் இருந்தது. அந்த முடிவுக்குப் போகாமல் நின்றதன் பயன் என்ன என்பதைக் கீழே வரும் பகுதிகளில் காணலாம்.

காயமும் முதல் பத்து நாட்களும்

பங்குனித் தொடக்கத்தில், பட்டுப்போன செடிகளைப் பிடுங்கி எரிப்பதற்காகக் குவித்துக்கொண்டிருந்தபோது, வேர் இறுகியிருந்த ஒரு செடி சட்டென்று விடுபட்டு, அதன் காய்ந்த கிளை வலது கண்ணில் அடித்தது. கண் கலங்கி, மண் விழுந்ததுபோல் உறுத்தியது. அன்று மாலை வீட்டில் விளக்கெண்ணெய் விட்டார்கள். மறுநாள் உறுத்தல் குறைந்ததால் வேலைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கண் சிவந்து வெளிச்சம் பார்க்கக் கூசியதால், அருகிலுள்ள மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கினார். அது நுண்ணுயிர்க்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்தது. அதை விட்டதும் சிவப்பும் வலியும் இரண்டு நாட்களில் வெகுவாகக் குறைந்தன. இந்தத் தற்காலிக ஆறுதலே பூஞ்சைப் புண்ணில் மிகவும் ஏமாற்றுவது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் நோயாளிக்குச் சுகம் தெரிகிறது. அதே நேரம் பூஞ்சையை எதிர்க்கும் உடலின் தற்காப்பும் அடங்கிவிடுவதால், இழைகள் கருவிழியின் உள்ளடுக்குகளுக்குள் தடையின்றிப் பரவுகின்றன. பாட்டில் தீர்ந்ததும் மற்றொன்று வாங்கினார்.

பத்தாம் நாள் வாக்கில் வலி திரும்பியது. இம்முறை கண்ணாடியில் பார்த்தபோது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. “பூ விழுந்திருச்சு மதினி, இனி சும்மா இருக்காதீங்க” என்று பக்கத்து வீட்டுப் பெண் வற்புறுத்தி, வட்டாரத்திலுள்ள கண் பரிசோதனை மையத்துக்கு அழைத்து வந்தார்.

மையத்தில் கண்டது

வலது கண்ணில் பார்வை, ஒரு மீட்டர் தொலைவில் விரல்களை எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தது. கருவிழியின் நடுப்பகுதியிலிருந்து சற்றுக் கீழே, சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்தில், சாம்பல் கலந்த வெண்ணிறப் புண் இருந்தது. அதன் மேற்பரப்பு வறண்டு, சற்று மேடிட்டிருந்தது. விளிம்பு வெட்டினாற்போல் இல்லாமல் இறகின் நுனிபோல் சிதறியிருந்தது. முதன்மைப் புண்ணுக்கு வெளியே தனியாக ஒரு சிறு புள்ளியும், கண்ணின் முன்னறையில் மெல்லிய கோடாகச் சீழும் காணப்பட்டன. சாயத் தாளால் தொட்டு நீல ஒளியில் பார்த்தபோது புண்ணின் பரப்பு பச்சையாக ஒளிர்ந்தது.

செடியால் காயம், மெல்ல வளர்ந்த போக்கு, இறகு போன்ற விளிம்பு, துணைப்புள்ளி ஆகிய நான்கும் பூஞ்சையைச் சுட்டின. எனினும் தோற்றத்தை மட்டும் நம்பிப் பூஞ்சைப் புண்ணையும் பாக்டீரியாப் புண்ணையும் பிரித்தறிவதில் அனுபவமுள்ள மருத்துவர்களும் அடிக்கடி தவறுகிறார்கள். ஆகவே மையத்தில் இருந்தவர் புதிதாக எந்த மருந்தையும் தொடங்காமல், ஸ்டீராய்டு சொட்டை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லி, அன்றே மதுரைக்கு அனுப்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் அது. ‘ஒரு சொட்டு மருந்து கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம்’ என்ற வழக்கமான யோசனை இங்கே கைவிடப்பட்டது. மருந்து தொடங்கிய பின் எடுக்கும் மாதிரியில் கிருமி வளராமல் போகக்கூடும் என்பதால் இந்த முடிவு சரியானதே.

இத்தகைய புண் இந்தப் பக்கத்தில் அரிதன்று. 1990-களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்று, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. உலக அளவில் பூஞ்சைக் கருவிழிப் புண் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்குவதாக 2021-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. தென்னிந்தியாவில் இதற்கு முதன்மையான காரணி ஃபியூசேரியம், அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற மற்றொரு பூஞ்சை. இரண்டும் மண்ணிலும் மட்கும் செடியிலும் வாழ்பவை. இவை ஒருவர் கண்ணிலிருந்து மற்றொருவர் கண்ணுக்குத் தொற்றுவதில்லை. காயத்தின் வழியாகவே உள்ளே நுழைகின்றன.

சுரண்டல் மாதிரி

கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் விளிம்பிலும் அடியிலும் இருந்து மிக நுண்ணிய அளவு சுரண்டி எடுக்கப்பட்டது. ஒரு கண்ணாடி வில்லையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டுப் பார்த்தபோது, குறுக்குச் சுவர்களுடன் கிளைத்த பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தன. பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயமிட்ட மற்றொரு வில்லையில் பாக்டீரியா இல்லை. இவ்விரண்டையும் பார்த்து முடிக்க அரை மணி நேரம் கூட ஆகவில்லை. இத்தனை மலிவான, விரைவான சோதனை மாவட்டத்தின் பெரும்பாலான இடங்களில் செய்யப்படுவதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

எஞ்சிய மாதிரி உருளைக்கிழங்கு அகார், இரத்த அகார் என்ற வளர்ப்பு ஊடகங்களில் இடப்பட்டது. மூன்றாம் நாள் வெண்பஞ்சு போன்ற வளர்ச்சி தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் அரிவாள் வடிவ வித்துகளும், நீண்ட காம்புகளின் நுனியில் திரண்ட சிறு வித்துகளும் உருவாயின. இது ஃபியூசேரியம் சொலானி தொகுதியை, அதாவது அப்பெயர் கொண்ட நெருங்கிய இனங்களின் கூட்டத்தை, சேர்ந்தது என்று உருவத்தை வைத்து முடிவு செய்யப்பட்டது.

சிகிச்சை முடிவுகள்

வளர்ப்பு முடிவுக்குக் காத்திராமல், இழைகளைக் கண்ட அன்றே பூஞ்சையைக் கொல்லும் மருந்தான நேட்டமைசின் 5 விழுக்காடு சொட்டு தொடங்கப்பட்டது. விழித்திருக்கும் நேரம் முழுவதும் மணிக்கு ஒரு முறை. இம்மருந்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புதிய மருந்தான வோரிகோனசோலை ஏன் முதலில் தேர்ந்தெடுக்கவில்லை என்று நோயாளியின் மகன் கேட்டார். கைப்பேசியில் படித்துவிட்டு வந்த கேள்வி என்றாலும் நியாயமான கேள்வி. தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு இவ்விரு மருந்துகளும் ஒப்பிடப்பட்டு, 2013-இல் முடிவு வெளியானது. நேட்டமைசின் பெற்றவர்களுக்குப் பார்வையும் கூடுதலாகக் கிடைத்தது. கருவிழியில் துளை விழுவதும் குறைந்தது. அந்த வேறுபாடு ஃபியூசேரியம் நோயாளிகளிடம்தான் மிகப் பெரிதாக இருந்தது.

முதல் வாரம் மருத்துவமனையிலேயே தங்க வைப்பதென்று முடிவாயிற்று. மணிக்கொரு சொட்டு என்பதைக் கடலுக்குப் போகிற கணவரும் பள்ளிக்குப் போகிற மகளும் உள்ள வீட்டில் கடைப்பிடிக்க முடியாது என்பதே காரணம். நேட்டமைசின் கருவிழியின் ஆழத்துக்குள் எளிதில் புகாது. ஆகவே புண்ணின் மேற்பரப்பில் படியும் இறந்த திசுவும் மருந்துப் படிவும் அவ்வப்போது சுரண்டி நீக்கப்பட்டன. கண்பாவையை விரித்து வலியைக் குறைக்கும் சொட்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

நான்காம் நாள் கண் முன்பைவிட மோசமாகத் தோன்றியது. சிவப்பு கூடியது, வலியும் கூடியது. மருந்தை மாற்றுமாறு குடும்பத்தினர் கேட்டனர். அளந்து பார்த்ததில் புண்ணின் அகலம் கூடவில்லை, துணைப்புள்ளியும் பெரிதாகவில்லை. ஸ்டீராய்டை நிறுத்தியபின் அடங்கியிருந்த அழற்சி வெளிப்படுவதே இது என்று கருதி, அதே மருந்து தொடரப்பட்டது. ஒவ்வொரு நாளும் புண்ணை அளந்து வரைந்து வைத்திருந்ததால்தான் இம்முடிவை உறுதியாக எடுக்க முடிந்தது. எட்டாம் நாள் முதல் விளிம்பு மழுங்கத் தொடங்கியது, சீழ் வற்றியது.

வயலில்

செடி நோயியல் அறிந்த ஒரு பேராசிரியர் வேறொரு பணிக்காக அப்பகுதிக்கு வந்திருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க வயலைப் பார்த்தார். வாடிய செடியின் தண்டை நெடுக்காகப் பிளந்தபோது, உள்ளே நீர்க்குழாய்கள் பழுப்பாக மாறியிருந்தன. வெட்டிய மற்றொரு தண்டைத் தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் நிறுத்திப் பார்த்தார். பாக்டீரியா வாடலாக இருந்தால் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை நீரில் இறங்கும், அது இறங்கவில்லை. எனவே பூஞ்சை வாடல் என்று எடுத்துக்கொண்டு, வேர், தண்டு, மண் ஆகியவற்றின் மாதிரிகளைத் தனித்தனிக் காகித உறைகளில் எடுத்தார்.

ஃபியூசேரியம் வேர் வழியாக நுழைந்து நீர்க்குழாய்களை அடைப்பதால் செடி வாடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் இலை தொங்குவதற்கு அதுவே காரணம். அதன் தடித்த சுவருள்ள ஓய்வு வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வாடிவிட்ட செடிக்கு மருந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை என்பதையும், தேங்கும் நீரை வடித்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும் என்பதையும் பேராசிரியர் அங்கேயே விளக்கினார். “அப்ப ஊத்துன காசு மண்ணுக்குத்தானா சார்?” என்று நோயாளியின் கணவர் கேட்டதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

இரண்டு அறிக்கைகள், ஒரு பெயர்

வயல் மாதிரிகளிலிருந்தும் ஃபியூசேரியம் வளர்ந்தது என்ற செய்தி வந்தபோது, ஊரிலும் மருத்துவமனையிலும் ஒரே பேச்சு: செடியின் நோய்தான் கண்ணில் வந்திருக்கிறது. மிளகாய் வயலில் வேலை செய்வதற்கே சிலர் தயங்கினர் என்றும் கேள்விப்பட்டோம்.

ஃபியூசேரியம் என்பது பல நூறு இனங்களைக் கொண்ட பேரினம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகள் பட்டியலில் அது உயர் முன்னுரிமைப் பிரிவில் இடம்பெற்றது. வாழையையும் தக்காளியையும் வாட்டுவனவும் அதே பேரினத்தைச் சேர்ந்தவைதாம். நுண்ணோக்கியில் உருவத்தைக் கொண்டு மட்டும் ஓர் இனத்தை மற்றொன்றிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியாது. அதனால் கண்ணிலிருந்து வளர்த்த பூஞ்சையையும் வயலிலிருந்து வளர்த்தவற்றையும், செல்லில் புரதம் உருவாக உதவும் நீட்சிக்காரணி என்ற புரதத்துக்குரிய மரபணுப் பகுதியை வரிசைப்படுத்தி ஒப்பிட முடிவு செய்தோம். பூஞ்சைகளை இனங்காணப் பொதுவாகப் பயன்படும் ஐ.டி.எஸ். என்ற மரபணுப் பகுதி ஃபியூசேரியத்தின் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டப் போதாது என்பதால் நீட்சிக்காரணிப் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது.

வேர்களிலிருந்தும் தண்டுகளின் நீர்க்குழாய்களிலிருந்தும் வந்தவை பெரும்பாலும் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் தொகுதியைச் சேர்ந்தவை. கண்ணில் இருந்தது சொலானி தொகுதி. வயலின் காய்ந்த குப்பை ஒன்றிலிருந்து சொலானி தொகுதிப் பூஞ்சையும் கிடைத்தது. ஆனால் அதன் மரபணு வரிசை கண்ணின் பூஞ்சையோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. சுருங்கச் சொன்னால், செடிகளை வாட்டிய பூஞ்சையும் கண்ணைத் தாக்கிய பூஞ்சையும் வேறு வேறு. கண்ணில் பட்ட கிளை அந்த வயலில் மட்கும் ஏதோவொரு சொலானி இழையைச் சுமந்து வந்திருக்க வாய்ப்புண்டு. பின்னர் விட்ட எண்ணெயிலிருந்தோ கையிலிருந்தோ வந்திருக்கவும் கூடும். அந்தக் கிளை காயம்பட்ட அன்றே குவியலோடு எரிக்கப்பட்டுவிட்டதால், இதற்குமேல் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

மருந்துத் திறன் சோதனையிலும் இதேபோன்ற ஒரு கண்ணி இருந்தது. கண்ணின் பூஞ்சையை அடக்க, அசோல் வகைப் பூஞ்சை மருந்துகளான வோரிகோனசோலும் இட்ரகோனசோலும் மிக அதிகச் செறிவில் தேவைப்பட்டன. வயலில் அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகளால் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா என்று கேட்கப்பட்டது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் விஷயத்தில் வேளாண்மையில் பயன்படும் அசோல் மருந்துகளுக்கும் நோயாளிகளிடம் காணும் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்புக்கு வலுவான சான்றுகள் உள்ளன. ஃபியூசேரியமோ இயல்பிலேயே பல அசோல்களுக்கு அடங்காதது. மேலும், இந்த வயலில் ஊற்றப்பட்ட கார்பென்டசிம் அசோல் வகையைச் சேர்ந்ததன்று. எனவே அறிக்கையில் அந்தத் தொடர்பு எழுதப்படவில்லை.

இந்த ஒப்பீட்டால் நோயாளியின் சிகிச்சை எவ்வகையிலும் மாறவில்லை. மாறியது எங்கள் அறிவுரை. வாடல் நோய் உள்ள வயல் ஆபத்து, நல்ல வயல் பாதுகாப்பு என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். பச்சைப் பசேலென்று நிற்கும் வயலிலும் காய்ந்த குப்பையும் மண்ணும் உண்டு. ஊர்க் கூட்டத்தில், எந்தச் செடி பட்டாலும், எந்த வயலானாலும் கண்ணைக் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னோம்.

விளைவு

ஏழு வாரங்களில் புண் முழுவதும் மூடியது. மூன்றாம் மாத முடிவில், கருவிழியில் நடுப்பகுதியைத் தொட்டும் தொடாமலும் ஒரு வெண்தழும்பு எஞ்சியது. கண்ணாடியோடு பார்வை 6/18 அளவுக்கு, அதாவது நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவுக்கு, திரும்பியது. துளை விழவில்லை, கருவிழி மாற்று அறுவை தேவைப்படவில்லை. வெயிலில் கூசுவதாக இன்னும் சொல்கிறார். அந்த ஆண்டின் கடைசி இரண்டு பறிப்புகளுக்கு அவரால் போக முடியவில்லை. குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. சிகிச்சைச் செலவைவிடப் பயணமும் போன கூலியுமே அதிகம் என்று கணவர் கணக்குச் சொன்னார்.

வயலில், அடுத்த பருவத்துக்குத் தாழ்ந்த மூலையில் சோளம் விதைத்தார்கள். மேட்டுப்பகுதியில் நோய்ப்பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைகோடெர்மாவால் விதையை நேர்த்தி செய்து மிளகாய் போட்டார்கள். நீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வாடல் வெகுவாகக் குறைந்தது. அந்த ஆண்டு மழையும் குறைவு. ஆகவே குறைந்ததற்கு எதைக் காரணமாகச் சொல்வது என்பதில் பேராசிரியர் எச்சரிக்கையாகவே இருந்தார்.

மாற்ற வேண்டியவை

நோயாளியின் பார்வையைப் பெருமளவு பறித்தது காயத்துக்கும் சுரண்டலுக்கும் இடைப்பட்ட பத்து நாட்கள். நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், கருவிழியில் கீறல் விழுந்து 18 மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு தொடங்கிய எவருக்கும் புண் வரவில்லை. கீறலைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது ஒரு சாயத் தாளும் நீல விளக்கும் மட்டுமே. பறிப்புக் காலமான தை முதல் வைகாசி வரை கிராமச் சுகாதார ஊழியரிடம் இவை இருக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் பரிந்துரை. களிம்பு பூஞ்சையைக் கொல்லாது. ஆனால் கீறலை அன்றாடம் யாரோ ஒருவர் பார்க்கிறார் என்பதால், ஆறாத கீறல் மூன்றாம் நாளிலேயே தெரிந்துவிடும்.

மருந்துக் கடைக்காரரிடம் பேசினோம். சிவந்த கண்ணோடு வருபவர் ‘வேலைக்குப் போகணும், சீக்கிரம் குறையணும்’ என்று கேட்கும்போது ஸ்டீராய்டு கலந்த சொட்டே கைக்கு வருகிறது என்று அவர் ஒளிவின்றிச் சொன்னார். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து அது என்பது அவருக்கும் தெரியும். சட்டத்தை மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பினால் அடுத்த கடையில் வாங்குவார்கள் என்பது அவருடைய வாதம். அதனால் ‘கண்ணில் செடி, மண், நெல் உமி, மீன் முள் பட்டதா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, பட்டது என்றால் கண் மையத்தின் எண்ணைக் கொடுப்பதென்று ஒப்புக்கொண்டார்.

பாதுகாப்புக் கண்ணாடி பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். பங்குனி வெயிலில், வியர்வையில், பிளாஸ்டிக் கண்ணாடி சில நிமிடங்களில் மங்கிவிடும். கொடுத்த கண்ணாடிகள் வீட்டு மாடத்தில்தான் இருக்கின்றன. காய்ந்த செடியை முகத்தை நோக்கி இழுக்காமல், அடித்தண்டை அரிவாளால் அறுத்துவிட்டு, வேரை மண்வெட்டியால் தனியே எடுப்பது என்ற மாற்றம் அதைவிட எளிதில் ஏற்கப்பட்டது. வாடல் நோயைப் பொறுத்தும் இது நல்லது. வேர்மண் வயல் முழுவதும் சிதறுவதில்லை.

ஆய்வகத்தில் நடைமுறை ஒன்று சேர்க்கப்பட்டது. செடியால் காயம்பட்டு வருபவரிடம், எந்தச் செடி, எந்தப் பகுதி, பச்சையா காய்ந்ததா என்று கேட்டுப் படிவத்தில் எழுதுகிறோம். காயப்படுத்திய குச்சி இன்னும் கிடந்தால், அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரச் சொல்கிறோம். பிளாஸ்டிக் பையில் சுற்றினால் ஈரத்தில் வேறு பூஞ்சை வளர்ந்துவிடும் என்பதால் காகிதம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை வந்தவை சில பனை மட்டைத் துண்டுகளும் ஒரு சீமைக்கருவேல முள்ளும். மிளகாய்க் குச்சி இன்னும் வரவில்லை.